சின்னவள் யாரை நம்பிப் படுக்கிறாள்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தாலே முனகுகிறது. உன் இடுப்பு எப்படி? ரொட்டி வண்டியில் ஏறி இறங்க முடிகிறதா? உன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நீ எழுதியது ஒரே ஒரு கடிதம். அதிலும் பாதி மழையைப் பற்றி.

பெரியவன் செத்ததை நான் உன் வாயால் கேட்கவில்லை. மகளைப் பார்க்க இங்கே வந்த லாடக்காரர் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "தம்பி சொல்லலையாம்மா? வயித்து வலி வந்து ஒரே நாள்ல போயிருச்சு அந்தக் குதிரை" என்றார். தக்காளிப் பையோடு அப்படியே நின்றேன். சொந்த அக்காவுக்குத் தக்காளிக் கடையில் தெரிய வேண்டிய செய்தியா இது? இதையும் நான் மறக்கமாட்டேன்.

இப்போது லாயத்தில் சின்னவள் ஒருத்திதான். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஒற்றைக் குதிரை படுக்காது. நின்றபடியே கண்ணசரும், அது தூக்கமில்லை. பக்கத்தில் இன்னொரு உயிர் முழித்து நின்றால்தான் காலை மடக்கிப் படுத்து நிஜமாகத் தூங்கும். அப்பா முதன்முதலில் வாங்கிய ஒற்றைக் குதிரை மாவு மூட்டையோடு நடுரோட்டில் முன்னங்கால் மடங்கி விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது. அன்று நீ எந்தச் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாய் என்றுகூட நான் சொல்வேன்.

சின்னவளின் முன்னங்கால் கணுவைப் பார். ரோமம் போய்த் தோல் உரிந்திருந்தால், தூக்கம் தாங்காமல் மடங்கி விழுகிறாள் என்று அர்த்தம். வேறு குதிரைகள் இருக்கிற இடமாகப் பார்த்து அவளைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடு. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் யாருக்காக உட்கார்ந்திருக்கிறாய்? ஜன்னல் ஓரம் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். பேத்தி அதில் துணியைக் குவிக்கிறாள், நான் தினமும் எடுத்து எறிகிறேன்.

வைக்கோல் தூசியில் இருமிக்கொண்டு கிடக்காதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, பேத்தியைக் கேட்டதாகச் சொல். எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரியவனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. கோபப்படாதே.

சின்னவளைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையில் வீடுகளுக்கு ரொட்டி போட்டுவிட்டு வந்து சேணத்தைக் கழற்றி, உடம்பு ஆறியதும் தண்ணீர் காட்டுகிறேன். புல்லை ஒரேயடியாகக் கொட்டுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். உப்புக்கட்டி தொங்குகிறது. குளம்பில் அடைந்த சேற்றைத் தினமும் எடுக்கிறேன். குனிந்தால் நிமிர நேரமாகிறது, அவள் பொறுமையாகக் காலைக் கொடுத்துக் காத்திருக்கிறாள்.

மதியம் நன்றாகப் படுத்துத் தூங்குகிறாள். சாயங்காலச் சவாரிக்கு எழுந்து வரும்போது இடது விலா முழுக்க வைக்கோல் ஒட்டியிருக்கிறது. கணுவில் ஒரு கீறல் கிடையாது.

அங்கே வருவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அன்பு மாறாத தம்பி

*

மார்ச் 8

தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், கேட்கவில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

படுக்கிறாள் என்கிறாய். யார் நிற்கிறார்கள்?

உன்னால் நிற்க முடியாது. உன் இடுப்பு அடுப்பில் பால் பொங்குகிற நேரம்கூடத் தாங்காது. பக்கத்து வீட்டுக்காரன் மனிதனோடே நிற்கமாட்டான், குதிரையோடு நிற்கப்போகிறானா? என்னிடம் பொய் சொல்லாதே. கடிவாளத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று நீ சொன்னபோது, நாய்க்குப் பதிலாக எனக்குத்தான் அடி விழுந்தது. முதுகு மறந்துவிட்டது, நான் மறக்கவில்லை.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஜோடிக் குதிரை இல்லாத காலத்தில் மதியம் வீட்டு ஆள் ஒருத்தர் லாயத்தில் போய் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் குதிரை எழுந்துவிடும். உன் பெண்டாட்டி அதைச் சாக்காக வைத்தே பாதி நாள் அங்கே போய் நிற்பாள். ஒரு காலைத் தளர்த்தி ஒரு காலில் பாரம் போட்டு அவள் நிற்கிற அழகைப் பார்த்துத்தானே கொக்கு என்று பெயர் வைத்தேன். என் எதிரில்கூட அவள் உட்கார்ந்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாலும், "இருக்கட்டும்க்கா" என்று நிற்பாள். மரியாதையாம். எனக்கா தெரியாது, அது திமிர்.

குதிரை கிடைக்காவிட்டால் ஒரு ஆடாவது வாங்கி உள்ளே கட்டு. ஆடு துணைக்குப் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இடுப்பு பரவாயில்லை. உனக்குத் தூக்கம் வருகிறதா? போன தடவை வந்தபோது சரியாகத் தூக்கமில்லை என்றாய்.

நீ சொன்னபடி ஆடு வாங்கினேன். வெள்ளாடு, ஒரு காது மடங்கியது. வந்த அன்றே என் சட்டைப் பொத்தானைத் தின்றுவிட்டது. வெளியே நன்றாகத்தான் இருக்கிறது. லாயத்துக்குள் விட்டால் நேராக நடக்கமாட்டேன் என்கிறது. இடையில் ஏதோ வைத்திருக்கிற மாதிரி ஓர் இடத்தில் ஒதுங்கி, வளைந்து, மறுபக்கம் போகிறது. பிறகு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு பின்வாங்கி வெளியே வந்துவிடுகிறது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன், என்னையும் சேர்த்து வெளியே இழுத்தது. இப்போது கொல்லையில் கட்டியிருக்கிறேன்.

சின்னவள் வழக்கம்போல் படுக்கிறாள். நான் வாளியோடு போனால் தலையைத் தூக்குகிறாள். என்னைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் பார்க்கிறாள். அப்புறம் மறுபடி தலையைச் சாய்த்துவிடுகிறாள்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை.

அன்பு மாறாத தம்பி

*

ஏப்ரல் 7

தம்பிக்கு,

எனக்கு எங்கே தூக்கம். கண்ணை மூடினால் பழையதெல்லாம் வரிசை கட்டி வருகிறது. அது கிடக்கட்டும்.

ஆடு ஒதுங்கி நடக்கிற இடம் எது? மூன்றாவது தூணா? அம்மா படுத்திருந்த அறைச் சுவரை ஒட்டினாற்போல் இருக்கிற தூணா? எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

அந்தத் தூணை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். அம்மாவுக்கு முடியவில்லை என்று தெரிந்து நான் பஸ் பிடித்து, செருப்பு அறுந்து, வெயிலில் ஓடி வந்தேன். வீட்டில் ஒருவருமில்லை. நீ ரொட்டிக்கடைக்குப் போயிருந்தாய். அம்மா உயிர் போய், பக்கத்தில் வாயில் தண்ணீர் விட ஆளில்லாமல் கிடந்தாள். "எங்கேடி போய்த் தொலைஞ்ச?" என்று நான் கத்தினேன், தெருவுக்கே கேட்டது. உன் பெண்டாட்டி வரவில்லை. போய்ப் பார்த்தால், சின்னவளின் தாய்க்குதிரை நீட்டிப் படுத்திருக்கிறது, அவள் அந்தத் தூணருகே கொக்கு மாதிரி நிற்கிறாள். நான் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள். "ஷ்" என்று விரலை வாயில் வைத்தாள். என்னைப் பார்த்து, ஷ்!

செத்தவளை ஏச வேண்டாம் என்று பேத்தி சொல்கிறாள். உயிரோடு இருந்தபோதும் ஏசினேன். இதிலென்ன ஓரவஞ்சனை.

நீ உடனே கிளம்பி வா. குதிரையை யாரிடமாவது கொடு. அந்த லாயத்தைப் பூட்டு.

உன் அக்கா

*

ஜூன் 2

தம்பிக்கு,

இருக்கிறாயா? ஏப்ரலுக்குப் பிறகு ஒரு வரி இல்லை. தபால்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் தலையாட்டிவிட்டு வேகமாகப் போகிறார். லாடக்காரரைப் போய்ப் பார்த்துவரச் சொல்லி எழுதியிருக்கிறேன். அவர் எழுதினால்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றால், அதுவும் என் தலையெழுத்து.

கட்டில் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா

*

ஜூன் 19

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

லாடம் அடிக்கிறவன் வணக்கத்தோடு எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். தாங்கள் சொன்னபடி போய் வந்தேன். தம்பி வண்டிப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் மறுபடி அடி. எலும்பு முறியவில்லை. அதைத் தங்களுக்கு எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

குதிரையின் கணுவைத் தடவிப் பார்த்தேன், பட்டுப்போல் இருக்கிறது. தூங்காத குதிரையின் கால் இல்லை அது. மதியம் போயிருந்தேன். நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எத்தனையோ லாயம் பார்த்தவன் நான். புது ஆள் உள்ளே நுழைந்தால் படுத்திருக்கிற குதிரை எழாமல் இருக்காது. இது எழவில்லை. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது, மூன்றாவது தூணைப் பார்த்தது, மறுபடி மூடிக்கொண்டது. தூண்பக்கம் கேட்டு, உத்தரவு வாங்கின மாதிரி.

தூணடியில் வைக்கோல் இரண்டு இடத்தில் அமுங்கியிருந்தது. பாதம் அளவுதான். ஒன்று ஆழமாக, ஒன்று லேசாக. யாரும் இல்லை அம்மா. ஆனாலும் நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இனி அங்கே காலையில்தான் வேலைக்குப் போவேன். தவறாக நினைக்க வேண்டாம்.

தங்கள் லாடக்காரன்

*

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. லாடக்காரர் எழுதிவிட்டார் என்று தெரியும். அவர் முகமே சொல்லிற்று. வலி இருக்கிறது, நடக்கிறேன்.

நீ கேட்டாய். ஆமாம், மூன்றாவது தூண்தான். அதை எழுத முடியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. எழுதினால் நீ ஏசுவாய். நீ ஏசினால் அவள் போய்விடுவாளோ என்று இருந்தது.

அம்மா விஷயம் ஒன்று சொல்கிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் பெண்டாட்டி கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். கடைசி நாட்களில் அம்மாவுக்கு வலியில் தூக்கமே கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் குதிரை கால் மாற்றி மாற்றித் தரையைத் தட்டுகிற சத்தம் வேறு. அம்மாதான் அவளிடம் சொன்னாள், "அது படுத்தாத்தான் எனக்குக் கண் மூடும். நீ அங்க போய் நில்லும்மா." அவள் போய் நின்றாள். குதிரை படுத்தது, அம்மா தூங்கினாள். தூக்கத்திலேயே போய்விட்டாள். நீ கத்தியது அவளுக்குக் கேட்டது. அம்மா தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் ஷ் என்றிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் நான் உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் விடவில்லை. "அக்காவுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும். நான் இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

செடிகள் வளர்த்து விற்கிற தோட்டக்காரர் ஒருவர் சின்னவளைக் கேட்டிருக்கிறார். அவரிடம் இரண்டு கிழட்டுக் குதிரைகள் இருக்கின்றன, துணைக்குக் குறைவிருக்காது. இந்த மாதக் கடைசியில் கொடுத்துவிடுகிறேன். பிறகு உன்னிடம் வந்துவிடுகிறேன். தூணருகே போய் அவளிடமும் சொல்லிவிட்டேன், "போதும், நீ நின்னது போதும்" என்று.

அன்பு மாறாத தம்பி

*

ஜூலை 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. பேத்தி கேட்டதற்குப் பல்வலி என்றேன். எனக்கு ஏது பல்.

நான் அவளை மன்னிக்கவில்லை. எழுதி வைத்துக்கொள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் நான் இந்தக் கோபத்தைச் சுமந்திருப்பேனா? கைக்குழந்தை மாதிரி இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நான் சுமக்கிறதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். பழைய கோபத்தை எடுத்துக்கொண்டு புதுசு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், கெட்டிக்காரி.

குதிரையைக் கொடுக்கும்போது புது இடத்துக்கு அதன் பழைய வாளியையும் கொடுத்தனுப்பு. வேறு வாளியில் சட்டென்று தண்ணீர் குடிக்காது. புல்லையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்று சொல், வயிறு கெட்டுவிடும். பெரியவன் போனது போதும்.

கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கியிருக்கிறேன். எந்த ரயில் என்று எழுது.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

சின்னவள் போய்விட்டாள். திரும்பிப் பார்க்காமல்தான் போனாள். தோட்டக்காரர் சொல்லியனுப்பினார், முதல் நாளே கிழட்டுக் குதிரைகள் இரண்டும் நிற்க, நடுவில் படுத்துவிட்டாளாம்.

நான் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகும். லாயத்தைக் கழுவிவிடலாம் என்று போனேன். தூணடியில் வைக்கோல் அப்படியே அமுங்கியிருந்தது. குதிரை இல்லை, இருந்தும் அவள் நிற்கிறாள். கழுவ மனம் வரவில்லை. சின்னவள் படுத்த இடத்தில் ஒரு பாயைப் போட்டுக் கொஞ்சம் சாய்ந்தேன். என்ன தூக்கம் என்கிறாய்! அவள் செத்ததிலிருந்து எனக்கு இப்படித் தூக்கம் வந்ததில்லை. இடுப்பு வலியே தெரியவில்லை.

இப்போது தினமும் மதியம் அங்கேதான். முதலில் சாயங்காலம் எழுந்தேன். இப்போது எழுந்து பார்த்தால் மறுநாள் ரொட்டிக்கடைப் புகை வருகிறது. லாடக்காரர் வந்து கதவைத் தட்டினாராம், பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. பசியும் இல்லை. சுகமாக இருக்கிறேன் அக்கா. அவசரம் ஒன்றுமில்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

இதை லாயத்தில் நின்று சத்தமாகப் படி. தூணைப் பார்த்துப் படி. படுத்துக்கொண்டு படித்தால் உன் காதைத் திருகுவேன். சின்னவளுக்குச் சாயங்காலச் சவாரி இருந்தது, எழுந்தாள். அம்மாவுக்கு ஒன்றும் இருக்கவில்லை, எழவில்லை. உனக்கு நான் இருக்கிறேன், அதை மறந்துவிடாதே.

இனி எழுதுவது உனக்கில்லை.

ஏ கொக்கு.

நான்தான். உன் புருஷனின் அக்கா. சுகமா என்று உன்னிடம் எப்படிக் கேட்பது? கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

அம்மாவைத் தூங்க வைத்தாய். நான் இல்லாத இடத்தில் நின்றாய். தெரிந்துகொண்டேன். எனக்கு அதற்குமேல் சொல்ல வராது, நீயும் எதிர்பார்க்கமாட்டாய். ஆனால் ஒன்று கேள். நீ நிற்கிறவரை அவன் எழமாட்டான். நீ நல்லதென்று நினைத்துத்தான் நிற்கிறாய். நல்லதென்று நினைத்துத்தான் எப்போதும் எல்லாம் செய்வாய், அதுதான் உன்னோடு எனக்கு வம்பு. அவன் ஒருத்தன்தான் எனக்கு மிச்சம். என்னோடு கூடப் பிறந்தவன். அவனையும் படுக்க வைத்துவிடாதே.

என் எதிரில் நீ ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நான் நாற்காலி இழுத்துப் போடும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டிருப்பேன். இப்போது முகம் தெரியாது, எழுத்துதான். ஒழுங்காகச் சொல்கிறேன்.

கால் வலித்திருக்கும். உட்காரும்மா.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சுகம். வலி திரும்ப வந்துவிட்டது, பசியும் வந்துவிட்டது.

நீ சொன்னபடி நின்றுகொண்டே படித்தேன். "ஏ கொக்கு" என்று என் வாயால் சொல்ல வேண்டி வந்ததில் எனக்கே சிரிப்பு வந்தது. கடைசி வரியைப் படித்தபோது வைக்கோல் சரசரத்தது. எலியாக இருக்கலாம்.

அன்று மதியம் வழக்கம்போல் பாயில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். தூணடியில் அந்த இரண்டு பள்ளங்கள் இல்லை. அந்த இடத்தில் வைக்கோல் அகலமாக, வட்டமாக அமுங்கியிருந்தது. கொல்லையில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்தது. இந்தத் தடவை ஒதுங்கவில்லை. நேராக அங்கே போய்ப் படுத்தது. தலையைத் தரையில் வைக்கவில்லை அக்கா. கொஞ்சம் உயரத்தில், மடியில் வைத்த மாதிரி வைத்துக்கொண்டு, மடங்கின காதை யாரோ நீவிவிடுகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டது.

ஆட்டை லாடக்காரர் வாங்கிக்கொள்கிறார். லாயத்தைக் கழுவிப் பூட்டிவிட்டேன். வியாழக்கிழமைக் காலை ரயிலில் வருகிறேன். பேத்தியிடம் துணிகளை எடுக்கச் சொல்.

ஜன்னல் ஓரம் கட்டில் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டு வை.

தம்பி